பல்செட்டும் பச்சை லேஸும்

லாகோஸ் நகரத்து முஷின் பகுதியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் பஞ்சர் ஒட்டும் அடிகுனை எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்றால், அவர் காற்றடிக்கும் மெஷினின் சத்தம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி போட்டு வெறுங்காலில் சபைக்கு நடந்துபோகிற உருவம் தெரியும். அதற்கு மேல் இந்த லாகோசில் யார் யாரைத் தெரிந்து வைத்துக்கொள்கிறார்கள்.

அவர் குடியிருந்த வீடு, நடுவில் நீளமாக ஓர் இருட்டு நடை, அதன் இரண்டு பக்கமும் எதிரெதிராக அறைகள் என்று கட்டியது. அறைக்கு ஒரு குடும்பம். இந்த மாதிரி வீட்டுக்கு ஊரில் 'நீ என்னைப் பார், நான் உன்னைப் பார்க்கிறேன்' என்றே பெயர். பெயர் வைத்தவன் நையாண்டிக்காரனாகத்தான் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் எதிர் அறைக் கட்டில் காலில் இடிக்கும், அவ்வளவு நெருக்கம். ஆனால் பின்கட்டில் பொது அடுப்படியில் கொதிக்கிற சட்டியின் மூடிக்குப் பூட்டு உண்டு. பொதுக் கக்கூசுக்குப் போகிறவர் தன் அறை பல்பைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டி, காரியம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். தன் வெளிச்சத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்துவிடக் கூடாது பாருங்கள். பல்பை எடுத்துப்போகும் கவனம் தண்ணீர் எடுத்துப்போவதில் இருக்காது. அடுத்துப் போகிறவருக்கு வாசலிலேயே குமட்டும்.

அந்த நடையின் கடைசி அறையில் பாபா போடே தனியாக இருந்தார். பிள்ளையின் பெயர் அகின்போடே. அதனால் இவர் போடேயின் அப்பா, பாபா போடே. ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். பிள்ளை லெக்கிப் பக்கம், காவல்காரன் நிற்கும் கேட்டுக்குள்ளே வீடு கட்டிக்கொண்டு இருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாலம்தான். வருஷ வாடகையை வீட்டுக்காரர் கணக்கில் போட்டுவிடுவான். போன் செய்தால், "ட்ராஃபிக் பாபா, இந்த வாரம் பாலமே அசையல" என்பான். அந்தப் பாலம் பல வருஷம் அசையாமலே நின்றது.

ஒருநாள் பெரியவருக்கு வலது காலும் கையும் விழுந்துவிட்டன. கக்கூசுக்கு ஊர்ந்துபோகப் பார்த்து நடையிலேயே எல்லாம் ஆகிவிட்டது. எதிர் அறை ஃபெஸ்டஸ் கதவைத் திறந்து பார்த்தான். மறுபடி சாத்திக்கொண்டான். சற்று நேரம் கழித்து அவன் பெண்சாதி, சிசியின் அம்மா என்பதால் மாமா சிசி, வந்து, ஒரு வாசனை ஸ்ப்ரேயைப் பெரியவரைச் சுற்றி அடித்துவிட்டுப் போனாள். மனுஷன் தரையில் கிடக்கிறார், அவர் மேல் ரோஜா வாசனை. கரப்பானுக்கு மருந்தடிக்கிற மாதிரி.

பஞ்சர் வேலை முடிந்து வந்த அடிகுன்தான் தூக்கினார். பின்கட்டுக்கு ஓடிப்போய் ஓங்கரித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, "கர்த்தாவே, என் மூக்கைக் கொஞ்ச நேரம் நீர் வெச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அன்றைக்குத் தொடங்கியது. காலையில் கடை திறக்கும் முன் ஒருதரம், மாலையில் ஒருதரம், பெரியவரை முதுகில் போட்டுக்கொண்டு போய் உட்காரவைத்து, கழுவி, கொண்டுவந்து படுக்கவைப்பார்.

அவர் மனைவி, பிள்ளை ஏனியின் அம்மா என்பதால் இயா ஏனி. அவளுக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம். சோளக்கஞ்சி ஒரு கிண்ணம் தவறாமல் அந்த அறைக்குப் போகும். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"பெத்த புள்ள ஏசி ரூம்ல தூங்குறான். இவரு ஊரான் அப்பன் குண்டியக் கழுவுறாரு."

"கழுவுனா கை தேஞ்சா போகும்?"

"கை தேயாது. சோப்புத்தான் தேயுது. அந்த லெக்கிக்காரனைச் சோப்பாவது வாங்கி அனுப்பச் சொல்லுங்க."

பாபா போடேக்கு உடம்பில் மிஞ்சியிருந்த ஒரே பெருமை அவர் பற்கள். மேலும் கீழும் முழுசாக வைத்த பல்செட்டு. ரயில்வே வேலையில் இருந்தபோதே விழுந்த பற்களுக்குக் கட்டியது. கால் போனாலும் கை போனாலும், யாராவது கதவைத் தட்டினால் முதலில் இடது கை எனாமல் கப்பைத் தேடும். பல்லை மாட்டிக்கொண்டுதான் "உள்ள வாங்க" என்பார். அடிகுன் தினமும் அந்தப் பல்செட்டைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கொடுப்பார். முதலில் அதைத் தொடவும் கூசியது. பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் கழுவிப் படுக்கவைத்தபோது பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிகுன், நான் செத்தா என் மகன் பெருசா பண்ணுவான். அவன் அப்படித்தான். ஊரக் கூட்டி என்னைப் பார்வைக்கு வெப்பான். அத்தனை ஜனம் முன்னாடி என்னைப் பொக்கை வாயோட படுக்க வெச்சிரக் கூடாது."

"அதெல்லாம் இப்ப எதுக்கு பாபா?"

"பல்லை நீதான் மாட்டணும். வேற எவனுக்கும் அது பொய்ப்பல்லுன்னே தெரியாது. என் புள்ளைக்கே தெரியாது. சரின்னு சொல்லு."

அடிகுனின் சபையில் சத்தியம் செய்யக் கூடாது. ஆமென் என்று சொன்னால் அதுவே கட்டு. அவர் "ஆமென்" என்றார்.

பெரியவர் இறந்தது ஒரு மத்தியானம். கடையிலிருந்து அடிகுன் ஓடிவந்து பார்த்தபோது கண் நிலைகுத்தியிருந்தது. பிள்ளைக்குப் போன் போட்டார். அகின்போடே தெருமுனைவரை காரில் வந்தான். சந்துக்குள் வந்தால் கார் உரசும் என்று இறங்கவில்லை. "என் மனசு தாங்காதுங்க" என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டு, பிணவறை வண்டிக்காரர்களை உள்ளே அனுப்பினான். அவர்கள் ஒரு போர்வையில் சுருட்டித் தூக்கிப் போனார்கள். எல்லாம் அவசர அவசரமாக முடிந்தது. அறையைப் பெருக்கும்போதுதான் இயா ஏனி கட்டிலுக்கடியில் எனாமல் கப்பைப் பார்த்தாள். தண்ணீருக்குள் பற்கள் சிரித்துக்கொண்டு கிடந்தன.

அடிகுன் பிணவறைக்குப் போனார். குடும்பத்தார் சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அகின்போடேக்குப் போன் செய்தார். பஞ்சர்கடைக்காரன் எதற்குக் கூப்பிடுவான், காசுக்குத்தான் என்று அவன் நினைத்திருப்பான் போலிருக்கிறது. எடுக்கவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து மணியே அடிக்கவில்லை, நம்பரையே தடுத்துவிட்டான்.

அடக்கம் உடனே நடக்குமென்று பார்த்தால், மழை முடியட்டும் என்றார்கள். அப்புறம் பெரிய மண்டபம் கிடைக்கட்டும் என்றார்கள். பெரியவர் ஐஸில் கிடந்தார். தெருவெல்லாம் போஸ்டர் வந்தது. 'நிறைவாழ்வின் கொண்டாட்டம்' என்று எழுதி, பாபா போடேயின் பழைய படம், பளீரென்ற சிரிப்பு. அடிகுன் அந்தப் போஸ்டர் முன் நின்று பார்ப்பார். அந்தச் சிரிப்பு தன் அறையில் ஒரு கப்பில் இருப்பது இந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்.

விருந்துக்கு ஒரே துணி எடுப்பது எங்கள் வழக்கம். வீட்டார் நிறம் சொல்வார்கள், வேண்டியவர்கள் அதை வாங்கித் தைத்துக்கொண்டு வருவார்கள். உறவைக் காட்டத்தான் அந்தத் துணி வந்தது. இப்போது பரிமாறுகிறவர்கள் துணியைப் பார்த்துத்தான் இறைச்சித் துண்டு வைக்கிறார்கள். அகின்போடே சொன்னது பச்சை லேஸ். அந்த வீட்டில் முதலில் வாங்கியது யார் என்கிறீர்கள். ஃபெஸ்டஸும் மாமா சிசியும். ஸ்ப்ரே அடித்தவள் தலைக்கு வெள்ளித் துணி வேறு எடுத்திருந்தாள்.

"பாபா ஏனி, நீங்க எடுக்கலையா?" என்று நடையில் வைத்து அடிகுனைக் கேட்டாள்.

"எனக்கு எதுக்கு? நான் அவர் கூடவே இருந்தவன். என்னை யாரு துணி கேப்பாங்க?"

அவர் அதை மனதாரச் சொன்னார். ஒருவரைக் கழுவி எடுத்தவனுக்கு அடையாளத் துணி வேண்டாம் என்று நம்பினார். அதுதான் அவர் செய்த தப்பு.

பார்வைக்கு வைக்கும் நாள் விடியற்காலையிலேயே அடிகுன் குளித்து, வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டார். பெரியவருக்கு மரியாதை செய்வதென்றால் தன்னிடம் இருப்பதில் உயர்ந்தது அதுதான். அங்கி போட்டால் செருப்புப் போடக் கூடாது என்பது சபையின் முறை. பல்செட்டை வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, வெறுங்காலில் பஸ் ஏறினார்.

லெக்கி கேட்டில் காவல்காரன் தலை முதல் கால் வரை பார்த்தான். காலைப் பார்த்ததோடு அவன் முடிவு செய்துவிட்டான்.

"தீர்க்கதரிசி ஐயா, இங்க யாருக்கும் தரிசனம் வேணாம். அந்தப் பக்கம் போங்க."

"நான் சாவு வீட்டுக்கு வந்தேன் தம்பி. பாபா போடே வீடு."

"உள்ள வர கோடு நம்பர் சொல்லுங்க. வீட்டுக்காரர் போன்ல அனுப்பியிருப்பாரு."

"எனக்கு அனுப்பல. அவருக்கு ஒரு சாமான் குடுக்கணும்."

"எவருக்கு?"

"செத்தவருக்கு."

காவல்காரன் சிரித்தே விட்டான். "செத்தவருக்குச் சாமான் குடுக்க வெறுங்காலோட ஒருத்தன் வந்திருக்கான்டா" என்று உள்ளே இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அடிகுன் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். அவ்வளவுதான், இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். "ஐயே, மந்திரம் மாயம்னு எதையோ கொண்டுவந்திருக்கான். மூடு, மூடு. கேட்டைத் தொடாத" என்று சத்தம் போட்டார்கள்.

அந்த நேரத்தில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. உள்ளே பச்சை லேஸ். ஃபெஸ்டஸ் முன்சீட்டில், மாமா சிசி பின்சீட்டில். அடிகுனுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"ஃபெஸ்டஸ், இந்தத் தம்பிகிட்ட என்னைத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா."

ஃபெஸ்டஸ் எதிரே இருந்த சுவரைப் பார்த்தான். மாமா சிசி போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் போனில் யாரும் இல்லை. காவல்காரன் துணியைப் பார்த்துக் கை அசைத்தான், கோடு கூடக் கேட்கவில்லை. கார் உள்ளே போனது.

பக்கத்து அறையில் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். வருஷக்கணக்காக ஒரே கக்கூஸ். ஒருத்தர் குடலை இன்னொருத்தர் அறிவார். முகத்தை மட்டும் அறிய மாட்டார்கள். அடிகுனுக்கு முதல் நாள் பெரியவரைத் தூக்கியபோது வந்த அதே ஓங்கரிப்பு தொண்டைவரை வந்தது. அன்றைக்கு வந்தது தண்ணீரும் சோப்பும் பட்டுப் போய்விட்டது. இது எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகிற நாற்றமாக இல்லை.

கேட்டுக்கு எதிரே வெயிலில் நின்றார். உள்ளேயிருந்து பாட்டு, டமாரம், மைக்கில் அழுகை எல்லாம் கேட்டன. பார்வை முடிந்திருக்கும். ஆமென் என்று சொன்ன வாய் உலர்ந்துபோயிற்று. பிறகு போஸ்டரில் கண்ட கல்லறைத் தோட்டத்தின் பெயர் நினைவு வந்தது. அங்கேயாவது போவோம் என்று நடந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் கேட் இருந்தது, காவல் இல்லை. அடிகுன் முன்னாலேயே போய் வேப்பமர நிழலில் நின்றார். பெரிய கூட்டம் வரும், இடித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் போக வேண்டும் என்று நினைத்திருந்தார். சவ வண்டி வந்தது. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாகக் கூலிக்குத் தூக்குகிறவர்கள் இறங்கினார்கள். பாஸ்டர், படம் எடுக்கிறவர், அகின்போடே, அவன் டிரைவர். அவ்வளவுதான். பச்சை லேஸ் ஒன்றுகூட வரவில்லை. மண்டபத்தில் மேஜை பிடிக்க எல்லாரும் நேரே அங்கே போய்விட்டார்கள். சோற்றுக்குக் காவல் போட்டவர்கள் குழிக்குப் போடவில்லை. அங்கே யாரும் உள்ளே நுழையத் துடிக்கவில்லை என்பதால் தேவைப்படவில்லை.

அகின்போடே போனில் யாரிடமோ ஐஸ்பெட்டி போதவில்லை என்று கத்திக்கொண்டு அப்பால் நடந்தான். அடிகுன் தூக்குகிறவர்களின் தலைவனிடம் போனார். அவனை மற்றவர்கள் கேப்டன் என்றார்கள்.

"கேப்டன், ஒரு உதவி. இது அவரோட பல்லு. மாட்டுறேன்னு சொல்லியிருந்தேன்."

கேப்டன் கைக்குட்டையைப் பார்த்தான். முகம் சுளிக்கவில்லை.

"நீங்க மகனா பாபா?"

"இல்ல. அதே வீட்டுல குடியிருந்தவன்."

"வாய இந்நேரம் தைச்சிருப்பாங்களே. மாட்ட முடியாது. உள்ள வேணா வெக்கலாம். சீக்கிரம்."

அவன் பெட்டியின் தலைப்பக்கப் பாதி மூடியைத் தூக்கினான். அடிகுன் குனிந்து பார்த்தார். ஒரு நொடி வேறு யாருடைய பெட்டியோ என்று தோன்றிவிட்டது. ஒட்டிய கன்னங்களில் பஞ்சை அடைத்து, உப்பவைத்து, பவுடர் பூசி, உதட்டுக்குச் சாயம் வேறு. பணக்கார வீட்டில் தின்று கொழுத்த யாரோ ஒருவர் மாதிரி இருந்தார். பொக்கை வாய் தெரியவில்லைதான். காசு வாங்கிய கைகள் அதைப் பஞ்சால் மூடியிருந்தன. ஆனால் அது பாபா போடேயும் இல்லை.

பெரியவரின் இடது கை, கப்பைத் தேடுகிற அந்தக் கை, மார்பில் கிடந்தது. அடிகுன் கைக்குட்டையை அதன் கீழே வைத்தார்.

"ஏய், என்ன அது? என்ன வெக்கிறான் அவன்?" அகின்போடே ஓடிவந்தான். கைக்குட்டையை விரல் நுனியால் விலக்கிப் பார்த்தவன், நெருப்பைத் தொட்டவன் போல உதறினான். "சீ. என்ன அசிங்கம் இது?"

"உங்கப்பா பல்லுங்க ஐயா."

"எங்கப்பாவுக்குப் பொய்ப்பல்லா? என்ன பேசுற நீ? போஸ்டர்ல பாத்தியா, எப்படிச் சிரிக்கிறாரு?"

"இதப் போட்டுக்கிட்டுத்தான் சிரிச்சாரு."

அகின்போடே பெட்டியைப் பார்த்தான், அடிகுனைப் பார்த்தான். ஏதோ கேட்கப் போகிறான் என்று அடிகுன் காத்திருந்தார். எப்படிச் செத்தார், கடைசியில் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்டால் சொல்ல எவ்வளவோ இருந்தது. அகின்போடே பாக்கெட்டிலிருந்து வாசனைத் துணியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"மூடுங்க, மூடுங்க. மண்டபத்துல ஜனம் காத்துக்கிட்டு இருக்கு." பிறகு டிரைவரிடம், "வண்டில சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தா இந்த ஆளுக்கு ஒண்ணு குடுத்து அனுப்பு. இதுக்குத்தான் காலைலேருந்து சுத்துறான்."

"பொட்டலம் வேணாம் ஐயா. ஒரு பிடி மண்ணு போட விடுங்க, போதும்."

அவன் போனை எடுத்துக்கொண்டு திரும்பினான். கேப்டன் மூடியை இறக்கும்போது, கைக்குட்டையைப் பழையபடி அந்தக் கையின் கீழே தள்ளிவிட்டதை அடிகுன் பார்த்தார். தூக்குகிறவர்கள் பெட்டியைத் தோளில் வைத்து நாலு அடி ஆடிக் காட்டினார்கள், அதற்கும் சேர்த்துத்தான் கூலி. பெட்டி இறங்கியது. 'பாசமுள்ள மகனின் மடியிலேயே உயிர் பிரிந்த நம் தகப்பன்' என்று எழுதிக் கொடுத்திருந்ததைப் பாஸ்டர் வாசித்தார். அடிகுன் குனிந்து மண்ணை அள்ளினார்.

"வெள்ளை அங்கி, கொஞ்சம் நகருங்க," என்றார் படம் எடுக்கிறவர். "படத்துல விழுறீங்க."

அடிகுன் நகர்ந்து நின்று, ஓரத்திலிருந்து மண்ணைப் போட்டார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவினார். இயா ஏனி கஞ்சியை முன்னால் வைத்து, "குடிங்க. சும்மா மொறச்சுக்கிட்டு இருக்காதீங்க, கஞ்சி ஆறிடும்" என்றாள்.

சாயங்காலம் ஃபெஸ்டஸும் மாமா சிசியும் வாய் நிறைய எண்ணெயோடு வந்தார்கள். அவள் கைப்பையில் வறுத்த இறைச்சியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒளித்துக்கொண்டு வந்திருந்தாள். பையின் அடியில் குழம்பு கசிந்து பச்சை லேஸில் சொட்டியது. விருந்தில் கொடுத்த பரிசுப் பொருட்களையும் ஒருத்தருக்கு ஒன்று என்றதற்கு நாலைந்தாக அள்ளியிருந்தாள். தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் மக்குகள். ஒவ்வொன்றிலும் பாபா போடேயின் சிரித்த படம் ஒட்டியிருந்தது.

"மண்டபத்துல உங்களக் காணோமே பாபா ஏனி," என்றாள் மாமா சிசி, கண் கூசாமல். "கறி அவ்வளவு நல்லாருந்துச்சு."

அடிகுன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பல்லிடுக்கில் இறைச்சி நார் ஒன்று சிக்கியிருந்தது.

மறுநாள் காலை, பல்பை எடுத்துக்கொண்டு கக்கூசுக்குப் போனார். மாட்டி வெளிச்சம் வந்ததும், ஈரத் தரையில், யாரோ தண்ணீர் ஊற்றாமல் விட்டுப்போனதற்குப் பக்கத்தில், ஒரு புது மக்கு கிடந்தது. பாபா போடே பளீரென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அடிகுன் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். இந்த முறை மூக்கை வைத்துக்கொள்ளும்படி யாரிடமும் கேட்கவில்லை. பிறகு உள்ளே போய் மக்கை எடுத்தார். முதலில் தரையைக் கழுவினார். அப்புறம் பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, மக்கைச் சோப்பு போட்டுத் தேய்த்து, டயர் சுரண்டும் பிளேடால் படத்தை மெதுவாக, வாய் கிழியாமல், உரித்து எடுத்தார். ஈரத்தைத் துடைத்து அங்கியின் மார்புப் பைக்குள் வைக்கத் தனியே எடுத்துக்கொண்டார். வெறும் மக்கைப் பழைய இடத்தில் வைத்தார்.

மாமா சிசி பல்பும் கையுமாக வந்தாள். மக்கைப் பார்த்தாள்.

"ஐயோ, புது மக்கு. இத யாரு இப்படிச் சுரண்டிப் போட்டது? பாக்க எவ்வளவு அழகா இருந்துச்சு."

"நான்தான்," என்றார் அடிகுன்.

"ஏன் பாபா ஏனி, உங்களுக்கு ஒண்ணு வேணும்னா கேட்டிருக்கலாமே. என்கிட்ட இன்னும் மூணு இருக்கு."

அடிகுன் அவள் முன்னால் கையை நீட்டினார். அவள் புரியாமல் விழித்தாள். பிறகு அவர் கையை எடுக்கப் போவதில்லை என்று கண்டு, முணுமுணுத்துக்கொண்டே போய், மீதி மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குழாயடியில் மறுபடி உட்கார்ந்தார்.